நீ எனக்குத் தராத பக்கம்

மூன்று நாளாகியும் கையை விட்டு பிளீச்சிங் பவுடர் வாடை போகவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன், புளியைக் கரைத்துத் தேய்த்தேன், இன்று காலையில் ஒரு கூடை கிழங்கான் மீனை ஆய்ந்தும் பார்த்துவிட்டேன். மீன் வாடையையே அமுக்கிவிட்டு அதுதான் மேலே நிற்கிறது. கையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். உனக்கு இந்த வாடை ஆகாது. சுனாமிக்குப் பிறகு ஊர் முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தூவிவிட்டுப் போனார்களே, அன்றிலிருந்து ஆகாது. மார்க்கெட்டில் தரை கழுவ யாராவது அந்த டப்பாவைத் திறந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாய். உன் மீனுக்கும் சேர்த்து நான்தான் காவல்.

என் பேத்தி அபிநயா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். அவளுடைய நோட்டில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களில்தான் இதை எழுதுகிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உலை கொதித்துச் சோறு வடித்துவிடலாம். நீ பக்கத்தில் இருந்தால் பேனாவைப் பிடுங்கி நீயே எழுதியிருப்பாய். இல்லாததால் நானே எழுதுகிறேன், பொறுமையாய்க் கேள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. மத்தியானம் வந்தாள். வந்த வேகத்தில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள், வேறொன்றை மாட்டிக்கொண்டாள், "கடக்கரைக்குப் போறோம் ஆயா, எல்லாரும் வந்திருக்காளுவ" என்று ஓடிவிட்டாள். கொடியைப் பார்த்த எனக்குத் தலை சுற்றியது. சட்டை முழுக்கக் கிறுக்கல். பச்சை, சிவப்பு, ஊதா என்று முன்பக்கத்தில் காலரிலிருந்து கீழ் மடிப்புவரை ஒரு சாண் இடம் பாக்கியில்லை.

பக்கத்து வீட்டு வசந்தாவின் மகள் வருகிற வருஷம் பதினொன்றாவது போகிறாள். நம் கடலோர மேட்டில் எப்போதும் அப்படித்தானே, ஒரு பெண் படித்து முடித்தால் அவள் உடுப்பு அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போகும். இந்தச் சட்டையை வசந்தாவுக்குத் தருவதாகப் பொங்கலுக்கே வாக்குக் கொடுத்திருந்தேன். வசந்தாவின் மாமியாரை உனக்குத் தெரியும். என் மகன் கல்யாணத்துக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று பந்தி பந்தியாய்ப் போய்ச் சொன்னவள். அவள் வாயில் நான் விழுவதா?

அண்டாவில் சுடுதண்ணீர் வைத்தேன். சோப்புத்தூள் போட்டேன், பிளீச்சிங் பவுடரும் போட்டேன். பிரஷ்ஷை எடுத்தேன். ஆனால் இந்த வேலையைச் செய்த குட்டிகள் யார் யார் என்று தெரியவேண்டாமா? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய டீச்சரிடம் ஒவ்வொரு பெயராய்ச் சொல்வது என்று முடிவு செய்தேன். அதனால் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். படிப்பது, பெயரை மனசில் வைப்பது, பிறகு தேய்ப்பது.

காலரில் பச்சை மையில், "ஓயாமல் பேசும் அபிக்கு, இனி எனக்கு யார் பேச்சு கேட்கும்? நிவேதா." தேய்த்தேன். வலது தோளில், "நர்ஸ் ஆனால் எனக்கு வலிக்காமல் ஊசி போடு. ஹாஜிரா." தேய்த்தேன். நெஞ்சில், "நாம் உருப்படமாட்டோம் என்று கெமிஸ்ட்ரி மிஸ் சொன்னார். உருப்படாவிட்டாலும் சேர்ந்தே இருப்போம். தர்ஷினி." இவளைத்தான் முதலில் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இடது கை மடிப்பில் சிவப்பில், "எல்லா வேலையையும் ஏஐ பிடுங்கிக்கொள்ளுமாம். மீன் விற்க மட்டும் அதற்குக் கை இல்லை. உன் ஆயாவிடம் எனக்கு ஓர் இடம் சொல்லி வை. பவித்ரா." அந்த ஏஐ யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்தேன். இருந்தாலும் இந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடலாம் போலிருந்தது.

முதுகில் ஒன்றே ஒன்று இருந்தது. நீல பால்பாயிண்டில் பொடிப்பொடியாய்.

"உன்னிடம் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் போகமாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணி, காரைக்கால் பஸ் ஸ்டாண்ட். வா. வராவிட்டாலும் வண்டி நகரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். காயத்ரி."

இந்தக் காயத்ரி நெடுங்காட்டுப் பெண். ஆறாவதிலிருந்து அபிநயாவோடு ஒரே பெஞ்சு. ரெண்டும் சேர்ந்து நர்சிங் படிப்பது, ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்வது என்று பேசி வைத்திருந்தன. அவள் வீட்டில் இந்த வருஷம் சம்பா அறுக்கிற நேரத்துக்கு மழையில் சாய்ந்து முளைத்துப்போனது. அவள் இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓசூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். பரீட்சை முடிந்த கையோடு வரச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் வாயால் இவளுக்குத் தெரிந்தது. அன்றோடு பேச்சு நின்றது. இவள் சாப்பிடாமல் படுத்த நாட்களை ஒவ்வொன்றாய் நான் எண்ணி வைத்திருக்கிறேன். அதனால் எனக்கும் அந்தப் பெண்மேல் கோபம் இருந்தது. முதுகைத்தான் ரொம்ப நேரம் தேய்த்தேன். பால்பாயிண்ட் மை லேசில் போகாது.

தேய்க்கும்போதே உன் ஆட்டோகிராப் நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீ சிரிப்பாய், அது எனக்கு எப்போதுதான் வரவில்லை என்று. அட்டையில் ரெண்டு கிளி. உள்ளே ரோஸ், மஞ்சள், பச்சை என்று பக்கத்துக்கு ஒரு நிறம். நான் அஞ்சாவதோடு நின்று, அம்மா பின்னால் கூடை தூக்க ஆரம்பித்து அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. நீ பத்தாவது முடித்து கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த நோட்டோடு வந்தாய். எல்லாரிடமும் எழுதி வாங்குகிறாய் என்று கேள்விப்பட்டு, நான் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

"இஞ்ச குடு, நானும் எழுதுறேன்" என்றேன்.

"இது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எழுதுறது, அஞ்சல" என்று நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய்.

கழுவிய கை ஈரம் காய்வதற்குள் திரும்பிவிட்டேன். நீ கணக்கில் பெயிலாகி, ஒரு வருஷம் வீட்டில் இருந்து, அப்புறம் நீயும் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். ஆனால் மறக்கவில்லை.

மார்க்கெட்டில் நம் ரெண்டு பேர் சண்டையைக் கேட்கவே மீன் வாங்க வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் நீ மீன் கட்டுகிற பேப்பரைக் கிழித்து என் முன்னால் நீட்டினாய். "நாப்பது வருஷமா ஒரு தாளுக்கு அழுவுறியே, இந்தா, எவ்வளவு வேணுமோ எழுது."

"கிளி போட்ட நோட்டுன்னா குடு. இது எனக்கு வேணாம்."

"கிளியெல்லாம் கடலோட போயிடுச்சுடி."

"அதுக்கு முன்னாடி இருபத்தெட்டு வருஷம் ஒம் பொட்டியிலதானே இருந்துச்சு? அப்ப குடுத்தியா?"

சங்கரா மீன் வாங்க நின்ற ஒரு அம்மா சிரித்துச் சிரித்துப் பையைக் கீழே போட்டுவிட்டது. நீ தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "போறவுங்கள்ட்டதான் எழுதி வாங்குவாங்க, அஞ்சல. நீதான் இஞ்சயே இருக்கப் போறியே."

"நல்லா இருக்கு நாயம்" என்றேன். சாமர்த்தியமாய்ச் சாக்குச் சொல்கிறாய் என்று அதையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பொழுது சாயும்போது அபிநயா வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் உப்புத் தண்ணீர், தலையெல்லாம் மணல்.

"ஆயா, எஞ் சட்ட எங்க?"

"தொவச்சுப் போட்டுட்டேன். பயப்படாத, கிறுக்கினதெல்லாம் போயிடுச்சு. வசந்தா மவளுக்கு அப்படியே குடுக்கலாம், புதுசு மாரி இருக்கு."

கொடிக்கு ஓடினாள். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கங்கே வெளிறிய கறை தவிர ஒன்றும் இல்லை.

"அது கிறுக்கல் இல்ல ஆயா! கடைசி நாளு எல்லாரும் எல்லாருக்கும் எழுதிக் குடுக்குறது! முப்பத்தோரு பேரு ஆயா!"

"சட்டையிலயா எழுதுவாங்க? நாட்டுல நோட்டு இல்லியா?"

"போட்டோகூட எடுக்கல. பரீட்சைக்குப் போனு கொண்டு போவக் கூடாது. வந்து எடுத்துக்கலாம்னுதான் போட்டுட்டுப் போனேன்." அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "முதுகுல எழுதினத நா படிக்கவே இல்ல. காயத்ரி எழுதினா. இத்தினி நாள் கழிச்சு கிட்ட வந்தா. 'திரும்பு'ன்னா. திரும்புனேன். எழுதிட்டு ஓடிட்டா."

"போன் பண்ணிக் கேளேன்டி" என்றாள் என் மருமகள்.

"என்னான்னு கேக்குறது? எங்க ஆயா அழிச்சிடுச்சுன்னா? நம்பமாட்டா. படிச்சிட்டு நடிக்கிறேன்னு நெனப்பா. திட்டி எழுதியிருந்தா?"

நான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாய்த் திறந்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பி, "நீ அஞ்சாங் கிளாஸு. ஒனக்கு இதோட அரும எங்க தெரியப் போவுது!" என்றாள்.

வாய் மூடிக்கொண்டது. உனக்கு என்னைத் தெரியுமே. மருமகள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள், பேத்தியும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

சனிக்கிழமை நான் மீன் விற்றுவிட்டு வந்தபோது அவள் ஜன்னல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சட்டையின் முதுகை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து, ஏதாவது ஓர் எழுத்தாவது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ரெண்டும் மேலே தூக்கியபடி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு நம்மை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்களே, அங்கே ஒரு நாள் நீ என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாய். சுற்றிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். வீடும் பெட்டியும் மட்டும் போன நாம் வாயைத் திறக்கவே கூசிய நாட்கள் அவை.

"வெளிய சொன்னா செருப்பால அடிப்பாங்க" என்றாய் மெதுவாக. "பாத்திரம் பண்டம் போனதுகூட இல்ல. அந்த நோட்டு போயிடுச்சுன்னுதான் இருக்கு. நீ அதப் படிச்சேல்ல? மூத்தவன் பொறந்து நா கட்டில்ல கெடந்தப்ப, எனக்குத் தொணைக்கு வந்து இருந்தேல்ல, மத்தியானத்துல பொட்டியத் தொறந்து எடுத்துப் படிப்ப. நா தூங்கல. பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். அதுல என்னென்ன இருந்துச்சு, சொல்லேன்."

நான் படித்தது உண்மைதான். என்னைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடித்தான் படித்தேன். பத்து நாள் மத்தியானம், ஒவ்வொரு பக்கமாய். என் படிப்பை நீ கேலி செய்வாய்: "நா பஸ்ஸுல போறாப்புலப் படிக்கிறேன், நீ பஸ்ஸத் தள்ளிக்கிட்டுப் போறாப்புலப் படிக்கிற. தள்ளுறவளுக்குத்தான் ரோட்டுல உள்ள பள்ளமெல்லாம் தெரியும்." உண்மை. நீ மறந்த ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும், எந்த நிறத் தாளில் என்பதும் தெரியும். அன்றைக்குக் கிணற்றடியில் உன்னிடம் என்ன சொன்னேன்?

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் பக்கமே இல்லியே" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். யாரோ பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு வந்தார்கள், மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன வருஷத்துக்கு முந்தின தை மாதத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோதுகூட மத்தி வரத்து குறைந்துபோனதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நாளைக்கு வரும்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வந்தபோது உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

ஜன்னலில் அபிநயா தூக்கிப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ. கூடையை இறக்கி வைத்தேன்.

"காலரு. பச்ச மையி. ஓயாமல் பேசும் அபிக்கு, இனி எனக்கு யார் பேச்சு கேட்கும். நிவேதா" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்னா ஆயா?"

"வலது தோளு. நர்ஸ் ஆனால் எனக்கு வலிக்காமல் ஊசி போடு. ஹாஜிரா. ஊதா. பேனாவ எடுத்துட்டு வந்து எழுதிக்க, நிக்கிறியே."

"நீ படிச்சியா?"

"படிக்காம எப்புடி? யாரு யாருன்னு தெரிஞ்சாத்தானே பெரிய டீச்சர்ட்ட சொல்ல முடியும்."

"போட்டுக்குடுக்கவா படிச்ச?"

"பின்ன, பாராட்டவா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்கெட்ச் பேனாக்களைத் தரையில் பரப்பினாள். சட்டையை விரித்துப் போட்டாள். நான் சொல்லச் சொல்ல, அதே இடத்தில் அதே நிறத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் என்னைச் சோதித்துப் பார்த்தாள். "பவித்ரா எங்க எழுதினா?"

"எடது கை மடிப்பு. செவப்பு. ஏஐன்னு ஒரு ஆளு பத்தி."

"ஐயோ, அது ஆளு இல்ல ஆயா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அது என்னவென்று சொன்னாள். எனக்கு முழுசாய்ப் புரியவில்லை. ஆனால் கை இல்லை என்பது மட்டும் சரிதானாம்.

முப்பது பெயர் ஆயிற்று. சட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். முதுகு வெறுமையாய் இருந்தது.

"காயத்ரி திட்டியிருக்காளா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் உன்னிடம் மறைக்கமாட்டேன். அது மட்டும் ஞாபகமில்லை என்றுவிட்டால் போதும். என் பேத்தியை அழ வைத்தவள் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டுத் தானே போகட்டும். என்னை அஞ்சாம் கிளாஸ் என்றவளும் கொஞ்சம் அழட்டும். நாக்கு நுனிவரை வந்தது. கை பிளீச்சிங் பவுடர் நாறியது.

சொன்னேன். ஓர் எழுத்து விடாமல் சொன்னேன்.

அவள் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "ஞாயித்துக்கெழமன்னா நாளைக்கு!"

"ஆமா."

"நேத்தே சொல்லியிருக்கலாமே ஆயா?"

"நீ அஞ்சாங் கிளாஸுன்னியே."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, கிணற்றடியில் நீ பார்த்த அதே பார்வை. ஆனால் இவள் எழுந்து உள்ளே போகவில்லை. என் பக்கம் நகர்ந்து வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு நீயும் வா. எனக்கு ஒண்டியாப் போவப் பயமா இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. மகனுக்குக் கல்யாணம் ஆன மறுநாள் ஞாயிறு, அன்றைக்கும் வந்து உட்கார்ந்தவள் நான். நேற்று விட்டேன். அபிநயா அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் எல்லாரும் அவள் நெஞ்சைப் படித்துக்கொண்டே வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வண்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், எல்லார் கையிலும் புதுப் பை. காயத்ரியின் அப்பா அவள் பையைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். ரெண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வந்துட்டியா" என்றாள் காயத்ரி.

"பஸ்ஸு லேட்டு."

"முதுகுல படிச்சியா?"

"இல்ல. எங்க ஆயா தொவச்சிடுச்சு."

"என்னாது?" அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அபிநயா அவள் கையில் பேனாவைத் திணித்து முதுகைக் காட்டினாள். "மறுபடி எழுது."

காயத்ரி மூடியைத் திறந்தாள். அப்படியே நின்றாள். "என்னா எழுதினேன்னு மறந்துபோச்சுடி. அழுதுக்கிட்டே எழுதினேன்."

"ஆயாவக் கேளு."

நான் சொன்னேன். அவள் எழுதிய வரியை அவளுக்கே சொன்னேன். "அதனால்தான் சொல்லவில்லை" என்ற இடத்தில் அவள் கை நின்றது, அபிநயாவின் முதுகு குலுங்கியது. "ஆடாம நில்லுடி, கோணலாப் போவுது" என்று அதட்டிக்கொண்டே அவளும் அழுதாள். கடைசி வரிவரை எழுதி முடித்துவிட்டு என்னிடம், "பரீட்சைக்கு எங்களுக்குப் பதிலா ஒங்கள அனுப்பியிருக்கணும் ஆயா" என்றாள். என் கோபத்தில் பாதி அங்கே போயிற்று. மீதியை வைத்திருக்கிறேன்.

"கம்பெனி புடிக்கலன்னா?" என்றாள் என் பேத்தி.

"வந்துடுவேன்."

"கம்பெனியே இல்லாமப் போச்சுன்னா?"

"அப்பவும் வந்துடுவேன். நீ எங்க இருப்ப?"

"நர்சிங் கெடச்சா காரைக்கால். கெடைக்கலன்னா தெரியலடி."

"தெரியலன்னு அதையும் எழுதிக்க, எடம் இருக்கு" என்றாள். ரெண்டும் சிரித்தன. நமக்கு அந்த வயசில் எல்லாம் தெரிந்திருந்தது. கூடை, ஏலம், கல்யாணம், திரும்பக் கூடை. இவர்களுக்கு அடுத்த வருஷம் எந்த ஊர் என்பதே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

வண்டி நகர்ந்து, திரும்பி, மறையும்வரை ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் இருந்தது. எழுதிக் கொடுத்தபடியே செய்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அபிநயா வலது கை மடிப்பை என் பக்கம் நீட்டினாள். "இஞ்ச ஒரு எடம் வச்சிருக்கேன். நீ எழுது ஆயா."

"நா எதுக்குடி? போறவுங்கள்ட்டதான் எழுதி வாங்குவாங்க. நா இஞ்சயேதானே இருக்கப் போறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. உன் வார்த்தை. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நீ சொன்னது. இத்தனை வருஷம் நான் சாக்கு என்று வைத்திருந்தது. இந்தப் பெண்ணிடம் நான் சாக்குச் சொல்லவில்லையே. உன்னை விட்டு நான் எங்கே போய்விடப் போகிறேன் என்றுதானே அவளிடம் சொன்னேன். கோட்டுச்சேரி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். "கோவமா ஆயா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். இறங்கும்போது கை மடிப்பில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். வசந்தா மகளுக்கு அபிநயாவின் இன்னொரு சட்டை போகிறது, அதில் ஒரு பொத்தான் இல்லை. வசந்தாவின் மாமியார் பேசட்டும்.

நீ சொன்னதில் ஒன்று மட்டும் மாறிப்போய்விட்டது. போனது நீ. அதனால் நீ கிணற்றடியில் கேட்டதை இப்போது தருகிறேன். வாங்கிக்கொள்.

முதல் பக்கம், ரோஸ் தாள், உன் கணக்கு வாத்தியார்: "கையெழுத்து மிக நன்று. கணக்கும் அவ்வாறே ஆகுக." அடுத்தது மஞ்சள், ராஜகுமாரி: "உன் பின்னலை ஜன்னல் கம்பியில் கட்டியது நான்தான். மன்னித்தேன் என்று சொன்னால்தான் வீட்டுக்குப் போவேன்." பச்சைத் தாளில் சரோஜா: "அலைச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று கடைசிவரை நீ சொல்லவே இல்லை." தையல் டீச்சர் திரும்பவும் ரோஸில்: "பொறுமை வேண்டும்." இன்னும் பதினேழு பக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் இந்த நோட்டில் பின்னால் வரிசையாய் எழுதி வைக்கிறேன், நிறத்தோடு. தாள் போதாவிட்டால் அபிநயா வேறு நோட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் நோட்டின் கடைசிப் பக்கம் நீலத் தாள். அதில் யாரும் எழுதவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு, இடம் இருந்தும் எனக்குத் தரவில்லையே என்று இன்னும் கோபம் கூடியது. இப்போது அதை நானே எடுத்துக்கொள்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

"மார்க்கெட்டில் உன் இடத்தில் கோணியை விரித்தே வைத்திருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் ஆள் வருது என்றுதான் சொல்கிறேன்.

அஞ்சலை, ஐந்தாம் வகுப்பு."